காலடியில் தலையுடன் ஒருத்தி

கண்ணை மூடிக்கொண்டு மாடிப்படி ஏறுகிறவளை எந்த முதலாளியும் வேலைக்கு வைத்திருக்க மாட்டான். சாரங்கியின் முதலாளி டென்மார்க்கின் ஒடென்சே நகரசபை. அதற்கு இந்த விஷயம் தெரியாது. தெரிந்தாலும்தான் என்ன செய்வது? படியில் ஒரு அம்மாளாச்சி நிற்கிறாள், அவளைப் பார்த்தால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று டெனிஷில் எப்படி எழுதிக் கொடுப்பது? ஆகவே, வேலை பார்க்கப் போகும் இங்கர் கிழவியின் வீட்டில் அவள் கைபிடியை இறுக்கிப் பற்றி, முகத்தைச் சுவருக்கு எதிர்ப்பக்கம் திருப்பி, காலால் படியைத் தடவித் தடவியே ஏறி இறங்கினாள்.

வயதானவர்களின் வீடுகளுக்குப் போய்க் குளிக்க வார்ப்பது, மருந்து கொடுப்பது, கூட்டித் துடைப்பது எல்லாம் அவள் வேலை. கலியாணம் செய்து யாழ்ப்பாணத்து இணுவிலில் இருந்து வந்து, மொழி படித்து, எடுத்த வேலை. இங்கருக்கு எண்பது தாண்டிவிட்டது. புருஷன் செத்துப் பல வருடம். பெரிய பழைய வீடு, படியோடு சேர்ந்து ஏறும் மின் நாற்காலி, வாய் நிறைய ஏச்சு. கிழவியிடம் மிச்சமிருந்தவை அவைதாம். சாரங்கிக்கு அவளைப் பிடித்திருந்தது. ஏசுகிற மனிசருக்கு உள்ளே கள்ளம் இருக்காது என்பது அவளுடைய கட்சி.

படிச்சுவரில் வரிசையாக நாலு படங்கள். செம்புத் தகட்டில் கீறிக் காகிதத்தில் அச்சடித்த மிகப் பழைய படங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெண். அடியில் ஏதோ எழுத்து இருந்திருக்கும். சட்டம் போட்டவன் அதை மரத்துக்குள் மறைத்துவிட்டான். எழுத்து இல்லாத படத்தை ஆள் ஆளுக்குத் தெரிந்தபடிதானே வாசிக்க முடியும்? சாரங்கியும் வாசித்தாள். முதலாமவள் கிரீடம் வைத்து, கையில் ஒரு குட்டித் தேவாலயத்தை ஏந்தியிருந்தாள். மாதா, சந்தேகமே இல்லை. இரண்டாமவள் தலையில் பூ, கையில் புகைகிற சாம்பிராணித் தட்டு, பக்கத்தில் படுத்திருக்கும் ஒட்டகம், பூசைக்கு வந்தவள். மூன்றாமவளின் தலையில் யானையின் தும்பிக்கை எழும்பி நின்றது. பிள்ளையாருக்கு இந்த நாட்டில் ஒரு தங்கச்சி இருக்கிறாள் என்று சாரங்கி முதல்நாள் புருஷன் ஆரணனிடம் சொல்லிச் சிரித்தாள்.

நாலாமவளைப் பற்றி அவள் புருஷனிடம் சிரித்துக் கதைக்கவில்லை. இடுப்பில் ஒரு முழத் துண்டும் இல்லாமல், தலையில் இறகு முடியோடு, கையில் வில்லோடு நின்றாள் அவள். பின்னால் ஒரு முதலை வாயைப் பிளந்திருந்தது. வலது கால் ஒரு ஆணின் வெட்டுண்ட தலைமேல் இருந்தது. தலையில் அம்பு. தலையின் கண்கள் திறந்தபடி. வெட்டுண்ட தலைமேல் கால் வைத்து நிற்கிறவளை யாரென்று இணுவிலில் பிறந்த பிள்ளைக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. காளி. வேறு தேசத்து உடுப்பில், உடுப்பே இல்லாமல், காளி.

அப்போது சாரங்கிக்கு வயிற்றில் பிள்ளை. முன்னால் இரண்டு வயிற்றிலேயே கலைந்து போயின, இது மூன்றாவது. அவளுக்குப் பயம் என்பது காய்ச்சல் போல வந்து போகிற ஒன்றல்ல. காலையில் எழும்பும்போது அவளோடு எழும்பியது, பல் தீட்டும்போது பக்கத்தில் நின்றது. அம்மா ஊரில் இருந்து நாள் தவறாமல் போன் எடுத்துச் சொன்னாள்: "பிள்ளைத்தாச்சி பயந்த சாமானுகளைப் பாக்கக் கூடாது, கேட்டியே. வடிவான குழந்தைப் படமா மாட்டி வைச்சுப் பார்." ஆரணன் வெண்ணெய் தின்னும் கிருஷ்ணர் படம் ஒன்றை எங்கிருந்தோ தேடிக் கொண்டுவந்து கட்டிலுக்கு எதிரே மாட்டினான். போதாதென்று அணையாடைப் பெட்டியில் சிரிக்கிற வெள்ளைக்காரக் குழந்தையையும் வெட்டி ஒட்டினான். காலையில் இந்த இரண்டு குழந்தைகளையும் கண்குளிரப் பார்த்துவிட்டு அவள் வேலைக்குப் போவாள். போய் வெட்டுண்ட தலையின் முன்னால் நிற்பாள்.

வினை வந்தது ஒரு துணியால். படிச்சுவரைத் துடைக்கிற நாள். நாலாமவளைப் பார்க்கக் கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு வாளிக்குள் கையை விட்டவள், கைக்கு வந்த துணியை எடுத்து அந்தக் கண்ணாடியைத் தேய்த்தாள். தேய்த்து முடித்துத்தான் துணியைப் பார்த்தாள். சிவப்புத் துணி. கழிவறைக்கென்று வைத்திருந்தது. அதைக்கொண்டு அம்மாளாச்சியின் முகத்தைத் துடைத்திருக்கிறாள்.

அன்று பின்னேரமே உள்ளாடையில் இரத்தம் பட்டது.

தன் வீட்டுக் குளியலறைத் தரையில் குந்தியபடி சாரங்கி நினைத்துப் பார்த்தாள். பாரம் தூக்கவில்லை, மாடியில் ஓடவில்லை, அன்னாசி தின்னவில்லை. ஒன்றும் செய்யவில்லை. செய்தது ஒன்றே ஒன்று. அவள் கையைக் கூப்பினாள். எந்தத் திசையை நோக்கிக் கூப்புவது என்று தெரியாமல் இங்கரின் வீடு இருக்கும் பக்கம் திரும்பிக் கூப்பினாள்.

"அம்மாளாச்சி, தெரியாமச் செய்து போட்டன். என்ரை பிள்ளையை விட்டிடு. பிள்ளை பிறந்து முகம் பாத்த கையோடை உனக்குச் செம்பட்டுச் சாத்துறன். இந்தக் குளிருக்கை உடுப்பில்லாமல் நிக்கிறாய். நான் உன்னை உடுத்தி விடுறன். என்ரை பிள்ளையை மட்டும் விட்டிடு."

மறுநாள் ஆஸ்பத்திரியில் திரையில் பிள்ளையின் நெஞ்சு துடித்துக்கொண்டிருந்தது. இப்படிக் கொஞ்சம் இரத்தம் படுவது பலருக்கும் நடப்பதுதான் என்று மருத்துவிச்சி சொன்னாள். சாரங்கி தலையை ஆட்டினாள். அந்த மனிசிக்கு எதுவும் தெரியாது, பாவம்.

அதன்பிறகு அவள் இங்கரின் வீட்டுக்குள் நுழைந்ததும் சப்பாத்தைக் கழற்றினாள். வேலைக்காரர் சப்பாத்துக்கு மேல் நீல உறை மாட்டினால் போதும் என்பது நகரசபையின் விதி. கோயிலுக்குள் உறை மாட்டி யார் போவார்கள்? படியில் நாலாமவளின் முன்னால் ஒரு கணம் குனிந்து, கண்ணைத் திறக்காமலே கும்பிட்டாள். எல்லாம் சரியாகத்தான் போயிருக்கும், இங்கரின் வாய் இல்லாவிட்டால்.

மின் நாற்காலியில் ஏறும்போதெல்லாம் இங்கர் அந்தப் படத்தின் எதிரே பொத்தானை விட்டுவிடுவாள். நாற்காலி நிற்கும். கிழவி கழுத்தை நீட்டி, "காலை வணக்கம், ஹெக்ஸ்!" என்பாள். ஹெக்ஸ் என்றால் சூனியக்காரி. சில நாள் அதோடு நிற்காமல், "இன்னும் அந்தத் தலையை விடவில்லையா நீ? அழுகி நாறப் போகிறது, ஹெக்ஸ்!" என்று கையை ஓங்குவாள். பின்னால் நிற்கும் சாரங்கி கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொள்வாள். ஏசுகிறவள் ஒருத்தி, பிள்ளையைச் சுமக்கிறவள் இன்னொருத்தி. கோபம் ஆள் மாறி விழுந்தால்? கிழவிக்காகவும் அவளே மனதுக்குள் மன்னிப்புக் கேட்டாள். வயசு போன மனிசி, அம்மா. பொறுத்துக்கொள்.

இலையுதிர் காலத்தில் இங்கர் குளியலறையில் விழுந்தாள். எலும்பு ஒன்றும் முறியவில்லை, ஆனால் கொப்பன்ஹேகனில் இருந்த மகன் நீல்ஸ் பயந்து போனான். முதியோர் இல்லத்தில் இடம் கிடைத்தது. வீட்டை விற்பதென்றும் சாமான்களை ஏலத்துக்கு அனுப்புவதென்றும் முடிவானது. படங்களும் போகின்றன.

அதைக் கேட்ட நேரத்தில் இருந்து சாரங்கிக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளை பிறக்க இன்னும் மாதக்கணக்கில் கிடந்தது. அம்மாளாச்சி வரும் கிழமையே யார் வீட்டுக்கோ போய்விடுவாள். பிறகு பட்டை எங்கே கொண்டுபோய்ச் சாத்துவது? நேர்த்தியை வைத்துவிட்டு ஏமாற்றியவளின் பிள்ளையை அவள் எப்படி விடுவாள்?

"நீர் என்ன விசரே?" என்றான் ஆரணன். "அது காளியாயிருந்தா வெள்ளைக்காரன் ஏன் படியிலை மாட்டி வைக்கிறான்?"

"தெரியாமல் மாட்டி வைச்சிருப்பினம். தலைக்கு மேலை கால் வைச்சு நிக்கிறாள், நீங்கள் பாக்கேல்லை. நான் பாத்தனான்."

"சரி, அப்பிடியெண்டாலும் பிறந்த பிறகெண்டுதானே சொன்னீர்? முந்திக் குடுத்தா?"

சாரங்கிக்கு அந்தப் பயமும் இருந்தது. பிள்ளையைத் தருமுன்னே கூலியைக் கையில் திணித்தால் கோவிப்பாளோ? ஆனால் கொடுக்காமல் விடுவதைவிட முந்திக் கொடுப்பது மேல். அவள் அலுமாரியைத் திறந்து கூறைச்சேலையை எடுத்தாள். கடையில் வாங்கிய பட்டுத் துண்டு இந்த வேலைக்குப் போதாது என்று அவளுக்குப் பட்டது. தாலி கட்டும்போது உடுத்த சேலையின் ஒரு கரைப்பக்கத்தைக் கத்தரிக்கத் தொடங்கினாள். பட்டு வழுக்கியது. விசர் என்று சொன்ன ஆரணன் முன்னால் வந்து குந்தி, துணியை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தான். அவனுக்கும் பயம்தான். வெட்டி முடியும்வரை இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

வீடு மாறுகிற நாள் காலையில் சாரங்கிதான் இங்கரைக் குளிக்க வார்த்து, உடுத்தி, கோட்டும் போட்டு, சாப்பாட்டறையில் சக்கர நாற்காலியில் இருத்தினாள். பட்டு அவளுடைய கைப்பைக்குள் மடித்து இருந்தது. படிச்சுவர் வெறிச்சென்று கிடந்தது. படங்களை நீல்ஸ் ஏற்கனவே கழற்றிவிட்டான். நாலும் சாப்பாட்டு மேசையில் மல்லாந்து கிடந்தன. ஏலக்காரர் எழுத்தைக் கேட்பார்கள் என்று சட்டங்களையும் பிரித்திருந்தான். கண்ணாடியும் இல்லை. நாலாமவள் நேருக்கு நேர் கிடந்தாள்.

"வந்து பார், பயப்படாதே," என்றான் நீல்ஸ். நல்ல மனிதன், எதையும் சொல்லிக் கொடுக்க ஆசைப்படுகிறவன். "இது என்னவென்று தெரியுமா? நாலு கண்டங்கள். அந்தக் காலத்தில் கண்டங்களைப் பெண்களாக வரைவார்கள். கோயிலை வைத்திருப்பது ஐரோப்பா. யானைத் தலை ஆபிரிக்கா. இது அமெரிக்கா."

அவன் விரல் வைத்த இடத்தில், மரத்துக்குள் ஒளிந்திருந்த எழுத்து வெளியே வந்திருந்தது. சாரங்கி எழுத்துக் கூட்டி வாசித்தாள். AMERICA.

"தலை?" என்றாள்.

"அங்கே உள்ளவர்கள் மனிதரைத் தின்கிறார்கள் என்று இங்கே உள்ளவர்களுக்குப் பயம். வரைந்தவன் கப்பல் ஏறியே இருக்க மாட்டான். பயத்தை வரைந்து வைத்திருக்கிறான்." பிறகு சிரித்துக்கொண்டு சாம்பிராணித் தட்டுக்காரியைக் காட்டினான். "இதுதான் ஆசியா. உன்னைத்தான் வரைந்திருக்கிறான்."

சாரங்கி ஒட்டகத்தைப் பார்த்தாள். வாழ்க்கையில் அவள் ஒட்டகத்தைக் கண்டது டென்மார்க்குக்கு வந்த பிறகு, ஒரு மிருகக்காட்சிச்சாலையில்தான். வேறு நேரமென்றால் சிரித்திருப்பாள்.

ஆள் இல்லை. அங்கே ஒருவரும் இல்லை. இத்தனை மாதமும் அவள் கும்பிட்டது ஒரு வரைபடத்தை. நிம்மதி வரவேண்டிய இடத்தில் அவளுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. கோபக்காரியிடம் மன்னிப்புக் கேட்கலாம், பட்டுக் கொடுக்கலாம், காலைப் பிடிக்கலாம். ஆளே இல்லாத இடத்தில் பிள்ளையை யாரிடம் கேட்பது? அன்றைக்கு இரத்தத்தை நிறுத்தியது யார்? ஒருவரும் நிறுத்தவில்லை என்றால் மறுபடி வரும்போது ஒருவரும் நிறுத்தப் போவதில்லை.

இல்லை, என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். கீறினவனுக்கு என்ன தெரியும்? ஊரில் ஒரு வேப்பமரத்தின் கீழ்க் கிடக்கிற கல்லும் கல்தான், ஒருத்தி கும்பிட்டு அழும்வரை. அவன் அமெரிக்கா என்று எழுதட்டும். நான் கூப்பிட்டேன், அவள் வந்து இருந்துவிட்டாள்.

நீல்ஸ் இரண்டு பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு காருக்குப் போனான். இதுதான் தருணம். சாரங்கி பட்டை எடுத்து விரித்தாள். குனிந்து, நாலாமவளின் தோளில் இருந்து கால்வரை மூடும்படி அதைப் பிடித்தாள். துணி இன்னும் காகிதத்தில் படவில்லை.

"என்ன செய்கிறாய்?" என்றாள் இங்கர்.

கிழவி தூங்குகிறாள் என்று சாரங்கி நினைத்திருந்தாள். திடுக்கிட்டுப் பட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். பொய் சொல்லத் தெரியாத பெண். வயிற்றில் பிள்ளை இருக்கிறது, முன்னால் இரண்டு போய்விட்டன, ஒரு நாள் இரத்தம் பட்டது, நான் இவளிடம் கேட்டேன், தந்தால் உடுப்புத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். தெரிந்த டெனிஷில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். கிழவி சிரிப்பாள், இல்லாவிட்டால் ஏசுவாள் என்று காத்து நின்றாள்.

இங்கர் சிரிக்கவில்லை. மேசையில் கிடந்த படத்தைச் சுட்டிக் காட்டினாள்.

"இது என் மாமியார் மாட்டியது," என்றாள். "கலியாணமாகி வந்த நாளிலேயே எனக்கு இவளைப் பிடிக்கவில்லை. பயம். பயத்தைக் காட்டக் கூடாது என்று ஏசத் தொடங்கினேன். வயிற்றில் என் மூத்த மகள் காரன் இருக்கும்போதும் ஏசினேன். அவளைத் தூக்கிக்கொண்டு படியேறும்போதும் ஏசினேன்." நீல்ஸுக்கு முன்னால் ஒரு அக்கா இருந்தாள் என்று சாரங்கி அன்றைக்குத்தான் கேள்விப்பட்டாள். "காரன் முதல் குளிர்காலத்தைத் தாண்டவில்லை. ஒரு நோயும் இல்லை. காலையில் தொட்டிலில் அசையாமல் கிடந்தாள்."

கிழவியின் கை கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தது.

"நீ கேட்டாய். உனக்கு இரத்தம் நின்றது," என்றாள். "நான் ஒரு நாளும் கேட்கவில்லை, சாரங்கி. ஒரு துண்டுத் துணி கொடுக்கவில்லை. ஏசினேன், அவ்வளவுதான். அதனால்தானா?"

இந்த வாயாடிக் கிழவியின் கண்ணில் அப்படி ஒரு பயத்தை சாரங்கி அதற்கு முன்னால் கண்டதில்லை. கண்டிருக்கிறாள்; தன் குளியலறைக் கண்ணாடியில் மட்டும். இத்தனை வருடம் கழித்து, கடைசி வீட்டுக்குப் போகிற நாளில், தன் பிள்ளையைத் தானே கொன்றேனா என்று ஒரு தாய் கேட்கிறாள். அந்தக் கேள்வியை அவள் மடியில் போட்டது சாரங்கியின் செம்பட்டு.

பதில் ஒன்றுதான் இருந்தது. அதை அம்மாளாச்சியின் முகத்துக்கு முன்னால் சொல்லவேண்டும். அவள் மல்லாந்து கிடந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சாரங்கியின் கை தானாகவே வயிற்றைப் பொத்தியது, காதைப் பொத்துவதுபோல.

"இல்லை," என்றாள். மறுபடி சொன்னாள். "இல்லை, இங்கர். இது வெறும் காகிதம். நீல்ஸ் சொன்னதுதான் சரி. அமெரிக்கா. இதற்குக் காது இல்லை, கோபம் இல்லை, ஒன்றுமே இல்லை. எனக்குப் பயம் பிடித்து விசர் வேலை பார்த்தேன். இரத்தம் தானாகவே நின்றது. பலருக்கும் அப்படித்தானாம், மருத்துவிச்சி சொன்னாள். காரன் இறந்ததும் யாராலும் அல்ல."

"நிச்சயமாகவா?"

"நிச்சயமாக."

கிழவி அவளையே பார்த்தாள். வயது போனாலும் கூர்மை போகாத கண்கள். "அப்படியென்றால் அந்தத் துணி?"

சாரங்கி கையைப் பார்த்தாள். கூறைச்சேலை. தாலிக்குச் சாட்சியாக இருந்தது, பிள்ளைக்காக வெட்டப்பட்டது. இப்போது படத்தில் சாத்தினால் சொன்னதெல்லாம் பொய்யாகிவிடும். மடித்துப் பைக்குள் வைத்தாலும் கிழவிக்கு விளங்கிவிடும்.

"இது உங்களுக்கு," என்றாள். "வெளியே குளிர்."

அவள் பட்டை இங்கரின் தோளில் போட்டு, கழுத்தைச் சுற்றி எடுத்து, கோட்டுக்குள் செருகினாள். இங்கர் துணியைத் தடவிப் பார்த்தாள். அவளுடைய தோள் மெல்ல இறங்கியது. சற்று நேரத்தில் மேசைப் பக்கம் திரும்பி, "போய் வா, ஹெக்ஸ்," என்றாள். இந்த முறை குரலில் ஏச்சு இல்லை.

நீல்ஸ் வந்தான். அம்மாவின் சால்வை வடிவாக இருக்கிறது என்றான். நாலு பெண்களையும் குமிழ் பிளாஸ்டிக்கில் சுற்றிக் காரின் பின்பக்கம் வைத்தான். நாலாமவள் வந்தபடியே, உடுப்பில்லாமல் போனாள்.

கார் புறப்பட்டபோது இங்கர் முன் கண்ணாடிக்குள் இருந்து கை காட்டினாள். செம்பட்டு கழுத்தில் பளிச்சென்று தெரிந்தது. சாரங்கியும் கை காட்டினாள். கார் தெருமுனையில் சிவப்பு விளக்குக்கு நின்றதும் அவள் இரண்டு கையையும் வயிற்றில் வைத்துக்கொண்டு அதன் பின்பக்கத்தைப் பார்த்து முணுமுணுத்தாள்.

"அவவுக்காகத்தான் சொன்னனான். கோவிக்காதை அம்மா. நான் சொன்னது பொய்யெண்டு உனக்குத் தெரியும்தானே."

அது பொய்தானா என்று அவளுக்கே தெரியவில்லை. விளக்கு பச்சையாகி, கார் திரும்பி மறைந்தது. அவள் ட்ராமுக்கு நடந்தாள், தரையில் எண்ணெய் ஊற்றியிருப்பதுபோலப் பார்த்துப் பார்த்துக் காலை வைத்து. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் நேரே குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளாடையைப் பார்க்கக் குனிய, வெகுநேரம் அவளுக்குத் துணிவு வரவில்லை.